அத்தை மகன் தம்பியான கதை

ஆரஞ்சு மிட்டாயில் அந்துருண்டை வாசனை அடிக்கும் என்றால் யாரும் நம்பமாட்டீர்கள். அப்பா தம் பழைய சீருடையோடு இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்ததால் எங்கள் வீட்டு மிட்டாய்க்கு அந்த வாசனைதான். அப்பாவைப் போலப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களைப் புதுச்சேரியில் "சொல்தா" என்பார்கள். அவருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. கணவரை இழந்து எங்களோடு இருந்த அத்தைக்கும், அவளுடைய நான்கு வயது மகன் சேவியருக்கும் அது இல்லை.

"நம்ம ரத்தத்துக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்?" என்றார் அப்பா. அதன் பிறகு குடியுரிமைக்கான காகிதத்தில் சேவியர் என் கூடப்பிறந்த தம்பியாகிவிட்டான். விசாரிக்க அதிகாரி வருவதற்குள் அவனைப் பழக்கும் வேலை, எட்டு வயதான எனக்கு. "உங்கம்மா யாரு?" என்று கேட்பேன், என் அம்மாவைக் காட்டினால் மிட்டாய், அத்தையைக் காட்டினால் கிடையாது. பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை என்று பேர் வாங்கியவள் நான். அந்தப் பேருக்காக அவனை அழவும் விட்டேன்.

அந்த ஆண்டுதான் எனக்குப் "புதுநன்மை", மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அதற்கு முன் கோயில் சாமியாரிடம் செய்த பாவங்களையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். "சாமியார்கிட்டகூட இதச் சொல்லாத, வீட்டோட இருக்கட்டும்" என்றார் அப்பா. மிட்டாய் திருடியதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பாவத்தை மறைத்துவிட்டு நற்கருணை வாங்கும்போது நாக்கு வெந்துவிடுமோ என்று நடுங்கியது எனக்குத்தான் தெரியும்.

அதிகாரி வந்த அன்று சேவியர் பயந்துபோய் அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். எல்லாம் போச்சு என்று அப்பாவின் முகம் வெளிறியபோது, அத்தையே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "அத்தைகிட்ட என்னடா வேலை, அம்மாகிட்ட போ" என்றாள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என் தம்பிதான்" என்றேன். அன்று மிட்டாய் டப்பா முழுவதும் எனக்கே கிடைத்தது.

அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். அந்த இரும்புப் பெட்டியும் துருப்பிடித்து எடைக்குப் போனது. சேவியர் பிரான்சில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். நான் பழக்கியது நன்றாகவே பதிந்துவிட்டது. அதற்கு முந்தியதுதான் அவனுக்கு நினைவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் காகிதமும் அவன் பிள்ளைகளின் காகிதமும் கேள்விக்குள்ளாகும். சொல்லாவிட்டால் அத்தை இப்படியே போய்ச் சேருவாள். எனக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

போன வாரம் அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "பாட்டிக்குப் பசங்க இருக்காங்களா?" என்று நர்ஸ் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லம்மா" என்று அத்தையே முந்திக்கொண்டாள். சாயங்காலம் சேவியர் போனில் வந்தான். "இந்த மாசம் லீவு கெடைக்காதுக்கா, அத்தைய நல்லாப் பாத்துக்க" என்றான். ஸ்பீக்கரில் அத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"சரிடா தம்பி" என்றேன்.