வலையோரம் நின்றவள்

மூன்று நாளாக விடாத மழை. எங்கள் பால்கனியில் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் குடியிருக்கும் புறாக்கள் நனைந்து ஒடுங்கிக் கிடந்தன. ஈர இறகின் வாடை சமையலறைவரை வந்ததும் என் மனைவி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நான் ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாடையோடு ஒரகடத்து ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்துவிட்டன.

ஷட்டில் ஆடியவராக இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘காக்’ என்கிற இறகுப்பந்தை ஆட்டத்துக்கு முன்னால் ஆவியில் காட்ட வேண்டும். காய்ந்த இறகு நாலு அடியில் ஒடிந்துவிடும். எங்கள் தொழிற்சாலையில் அதற்கு அகப்பட்டது கேன்டீனின் டீ பாய்லர்தான். காக் டப்பாவின் மூடிகளைக் கழற்றிவிட்டு பாய்லர் ஆவிக்கு நேரே பிடிப்போம். “இன்னா சார், டீல கோழி வாட அடிக்குதுன்னு லைன்ல எல்லாரும் என்னத் திட்டிக்கினு கீறாங்க” என்று கேன்டீன் மாஸ்டர் அலுத்துக்கொள்வார். நான் பர்சனல் ஆபீசர், ஆள் எடுப்பதும் அனுப்புவதும் என் கையில். அதனால் அதற்குமேல் சொல்லமாட்டார்.

அது கார் விளக்குகள் செய்யும் தொழிற்சாலை. சனிக்கிழமை சாயங்காலம் லாரிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு போனதும் குடோன் காலியாகிவிடும். ஞாயிறு காலையில் அங்கே வலை கட்டுவோம். நடைபாதைக்கு ஒட்டுகிற மஞ்சள் டேப்பைத் தரையில் ஒட்டினால் கோடு தயார். காற்றில் காக் திசைமாறும் என்பதால் எக்ஸாஸ்ட் ஃபேன்களை எல்லாம் நிறுத்திவிடுவோம். தகரக்கூரையின் கீழ் அந்தப் புழுக்கத்தில் அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, பக்கத்து ஊரான வடக்குப்பட்டுப் பெரிசுகள்கூட ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். ஃபேனைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஒரே ஒரு ஜோடிப் பெண்கள் ஆடினால் மட்டும்தான் அப்படி.

ஸ்டெல்லா பிள்ளைப்பாக்கத்துக்காரி. நல்ல உயரம். பின்னாலிருந்து எம்பி அடித்தாளானால் அந்தச் சத்தம் குடோன் சுவரில் பட்டுத் திரும்பி வரும். முத்துமாரி தூத்துக்குடிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் விடுதியில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருந்தாள். ஸ்டெல்லாவின் தோளுக்குத்தான் வருவாள். மட்டையை எல்லோரையும்போல் அடியில் பிடிக்காமல், குழம்புக் கரண்டியைப் பிடிப்பதுபோல் நடுவில் பிடிப்பாள். இருவரும் ஒரே பேக்கிங் லைன், இருவரும் கான்ட்ராக்ட்.

அவர்கள் ஆட்டத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? முத்துமாரி வலைக்கு அருகில் நிற்பாள். ஓடமாட்டாள், குதிக்கமாட்டாள். மணிக்கட்டைச் சும்மா ஒரு திருப்பு. காக் வலையின் மேல்நாடாவில் உரசி அந்தப்பக்கம் சரியும். எதிரே இருப்பவர்களுக்கு அதை உயரத் தூக்கிவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அது மேலே கிளம்புவதற்கு முன்பே பின்னால் ஸ்டெல்லா எம்பியிருப்பாள். மற்ற ஜோடிகள் “நீ எடு, நான் எடுக்கிறேன்” என்று கத்திக்கொண்டே ஆடுவார்கள். இவர்களிடமிருந்து ஒரு சொல் வராது. முத்துமாரி தலையைத் திருப்பிப் பார்க்கக்கூட மாட்டாள். பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்பதை அவள் முதுகே அறிந்திருந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை குறைவு. ஆனாலும் அந்தக் குடோனில் சில ஞாயிறுகளில் என் கை மயிர் சிலிர்த்ததுண்டு.

பக்கத்துத் தொழிற்சாலைகளின் அணிகளை எல்லாம் அவர்கள் தோற்கடித்த பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களுக்கு ஒரு பர்மனென்ட் வேலை. தேர்வாகிறவள் லைனில் நிற்க வேண்டாம். சென்னையில் பயிற்சி, ஊர் ஊராகப் போட்டிகள். ஆட்டமே தொழில். ஆளைத் தேர்ந்து அனுப்ப வேண்டியவன் நான்.

நான் புள்ளியியல் படித்தவன். கல்லூரியில் தங்கப்பதக்கம் வேறு. சிபாரிசு, சாதி, ஊர்ப்பாசம் எதுவும் நுழையாமல் நியாயமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் பேக்கிங் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெட்டி ஆறு கை மாறி வந்தாலும், கடைசியில் அதை ஒட்டி வெளியே தள்ளுகிறவள் பெயரில்தான் எண்ணிக்கை ஏறும். அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிறு கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாயின்ட்டிலும் கடைசி அடி யாருடையதோ அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு. ஸ்டெல்லாவின் பக்கம் கோடுகள் கட்டுக்கட்டாக நிறைந்தன. முத்துமாரியின் பக்கம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

இருவரையும் அறைக்கு அழைத்து முடிவைச் சொன்னேன். முத்துமாரி தாளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

“யாரு முடிச்சான்னு எழுதியிருக்கீய சார். எதிர்ல உள்ளவங்க ஏன் தூக்குனாங்கன்னு எழுதலியே?”

“அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா” என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அவள் தாளை மடங்காமல் மேசையில் வைத்தாள். எங்களில் ஒருத்தியை மட்டும் எடுத்தால் ஒருத்தியும் இருக்கமாட்டாள் சார் என்று மெதுவாகச் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். ஸ்டெல்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் என்று ஒன்று வருவதற்குள் முத்துமாரியின் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது.

ஸ்டெல்லாவின் முதல் பெரிய போட்டி சென்னையில். மேனேஜர் என்ற பெயரில் நானும் போனேன். புதிய ஜோடி நல்ல ஆட்டக்காரிதான். ஆனால் ஸ்டெல்லா சர்வ் செய்ததும் பழக்கத்தில் பின்னால் நகர்ந்துவிடுவாள். முன்னால் வலையோரம் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகும். எதிரணி அதைக் கண்டுபிடித்துவிட்டது. காக் அங்கேயே விழுந்தது, மீண்டும் அங்கேயே. கோச் கத்தினார். புதியவளுக்கு அது யாருடைய இடம் என்று எப்படித் தெரியும்? முதல் சுற்றிலேயே தோல்வி. தோற்றதைவிட, ஒருத்தி நின்ற இடத்தை இன்னொருத்தியின் உடம்பு இத்தனை பத்திரமாக வைத்திருந்ததுதான் என்னை உலுக்கியது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. புரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. பதவி உயர்வு வரவேண்டிய வருஷம் அது.

ஜோடிகள் மாறினார்கள். இரண்டு வருஷம் ஸ்டெல்லா முதல் சுற்றுகளிலேயே தோற்றாள். பிறகு ஒரு வருஷம் போட்டிக்கே போகவில்லை. பயிற்சியில் இருக்கிறாள் என்றார்கள். மறுபடி அதே அரங்கத்தில் அவளைப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வலையோரம், முழங்காலை மடித்து, அத்தனை உயரத்தையும் உள்ளே சுருக்கிக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். மட்டையை நடுவில் பிடித்திருந்தாள். மணிக்கட்டு ஒரு திருப்பு. காக் நாடாவில் உரசிச் சரிந்தது. எதிரே தூக்கினார்கள். பின்னாலிருந்து வேறொரு பெண் அடித்து முடித்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் சுவரை அதிரவைத்தவள், யாரும் கை தட்டாத அந்த வேலைக்குத் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே வலக்கை பழகியவன் நடுவயதில் இடக்கையால் அழகாக எழுதக் கற்றுக்கொள்வதுபோன்ற காரியம். அதன் பிறகு ஒன்பது வருஷம் அவள் ஆட்டத்தால் பிழைத்தாள். இந்தியா முழுக்க ஆடினாள், வெளிநாடும் போனாள். பத்திரிகைப் படங்களில் எம்பி அடிப்பவள்தான் இருப்பாள். ஓரத்தில் ஸ்டெல்லாவின் முழங்கை தெரிந்தால் அதிகம். படம் எடுத்தவர்களும் என்னைப்போலத்தான் எண்ணியிருக்கிறார்கள். சென்னையில் எந்தப் போட்டி என்றாலும் நான் போய் மேலே காலரியில் உட்கார்ந்துவிடுவேன்.

போன மாதம் அவளைத் தேடிப் போனேன். ஒரகடத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு ஷெட்டில் பயிற்சி தருகிறாள். முழங்காலில் உறை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஆடியது எல்லாம் நைலான் காக். ஆவியும் இல்லை, வாடையும் இல்லை. தாளையும் கோடுகளையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். என் தவறு என்றேன்.

“எனுக்கு அன்னிக்கே தெரியும் சார்” என்றாள். “பாயின்ட்டு அவளுதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வூட்ல அப்பா சீக்குல படுத்துக்கினு இருந்தாரு. பர்மனென்ட்டுன்னு கேட்டதும் வாய் மூடிக்கிச்சு.”

அந்த முதல் தோல்வியன்று முத்துமாரி ஆட்டம் பார்க்க வந்திருந்தாளாம். எனக்குத் தெரியாது. முடிந்ததும் கீழே இறங்கி வந்து, தண்ணீர் கேன் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லாவிடம், “ஏட்டி, நான் நின்ன எடத்த இன்னும் காலியா வச்சிருக்க. நீயே வந்து நில்லு” என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாயிற்று என்று போனவள்தான். ஸ்டெல்லா முன்னால் வந்து நிற்க மூன்று வருஷம் ஆனது. அதைச் சொல்லப் போனில் கூப்பிட்டபோது முத்துமாரியின் எண்ணில் வேறு யாரோ பேசினார்கள்.

நானும் தேடினேன். கான்ட்ராக்ட் ஆட்களின் பெயர்கள் எங்கள் சம்பள ஏட்டில் ஏறியதில்லை. கான்ட்ராக்டர் ஆபீஸ் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. விடுதி சாலை அகலப்படுத்தியதில் போய்விட்டது. குடோனில் இப்போது கூரைவரை அடுக்குகள், இயந்திரம் ஏறி இறங்கிப் பெட்டி எடுக்கிறது.

கிளம்பும்போது ஸ்டெல்லா, “ஒவ்வொரு பாயின்ட்டு முடிஞ்சதும் காலரிய ஒருதபா பாப்பேன் சார். எங்கனா வந்து குந்திக்கினு கீறாளான்னு” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அந்த ஒன்பது வருஷமும் அவள் மேலே பார்த்தபோதெல்லாம், என்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து எழுந்து நின்று கையை ஆட்டியிருக்கிறேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.