நகரிக் கடலைக் கொல்லையில் தூங்கிய சென்சார்

இந்த முறை நான் நகரிக்குப் போனது, நானே செய்து வைத்த தப்பைப் பார்க்க. மண்ணில் ஈரம் குறைந்தால் சென்சாரே மோட்டாருக்குச் சேதி சொல்லி ஓடவைக்கும், நடுவில் ஆளே வேண்டாம். மொபைல் நெட்வொர்க் வழியே இப்படி இயந்திரங்களைப் பேசவைப்பதுதான் என் வேலை. முனிரத்தினம் என்பவரின் ஒன்றரை ஏக்கர் வேர்க்கடலைக்குப் பொருத்தியதும் நான்தான். செடி காய்கிறது என்று வியாழக்கிழமை அவர் மனைவி போன் செய்தார்.

சனிக்கிழமை காலை 5.40க்குச் சென்னையில் பஸ், 8.10க்குத் திருத்தணி. அங்கிருந்து நகரி பதினைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றிருபது.

"தானா ஓடுற மோட்டார் வெச்சிக்கினு கீறாரே, அவரு வூடா? நீங்க அந்தக் கம்பெனியா சார்?" என்றார் டிரைவர்.

"சொந்தக்காரன்" என்று கூசாமல் புளுகினேன்.

விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கவேண்டிய செடிகள் சுருண்டு கிடந்தன. லேப்டாப்பை மாட்டிய ஐந்தாவது நிமிடமே விஷயம் புரிந்துவிட்டது. பேட்டரி மிச்சமாகட்டும் என்று சென்சாரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் விழிக்க வைத்திருந்தேன்: ஆறு, பன்னிரண்டு, ஆறு, பன்னிரண்டு. இங்கே பம்ப் செட்டுக்குக் கரண்ட் முறைவைத்துத்தான் வரும். பத்து நாளுக்கு முன் அந்த முறை மாறியிருக்கிறது: எட்டு முதல் பதினொன்று, மதியம் ஒன்று முதல் ஐந்து. சென்சார் விழிக்கும்போது கரண்ட் இல்லை, கரண்ட் வரும்போது சென்சார் தூங்குகிறது. முறை மாறும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் யாரையும் கேட்கவில்லை.

"கரண்ட் வந்தப்போ நீங்களே சுவிட்ச் போட்டிருக்கலாமே அண்ணா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

முனிரத்தினம் கோபப்படவில்லை. "கை வெச்சா ரெண்டு மிசினுக்கும் பேச்சு அறுந்துடும்னு நீங்கதானே சார் சொன்னீங்கோ? ஒம்போது நாளா கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் சுவிட்சாண்டதான் குந்திக்கினு இருந்தேன். இப்பவாச்சும் போடட்டுமா சார்?"

தன் போர் தண்ணீருக்கு அவர் என்னிடம் அனுமதி கேட்டார். போடுங்கள் என்று தலையை ஆட்டினேன். மணி 10.20. தண்ணீர் பாய்ந்தது. "பாதி தேறும், மீதி போச்சு" என்றார் அவர் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல்.

இதே வேலையாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். லைன்மேனிடம் கரண்ட் முறையைக் கேட்டுவிட்டுச் சென்சார் பெட்டியைத் திறங்கள். சுவிட்சைத் தொடக்கூடாது என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் லேப்டாப்பில் இருந்த பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஒன்பது நாளும், நாளுக்கு நான்கு தடவை, 'மண் காய்கிறது' என்று சென்சார் எனக்கும் சேதி அனுப்பியிருக்கிறது. அந்த வார அறிக்கையில் 'தகவல் தொடர்பில் தடையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.