பிளாய் போகும் சரளைப் பாதை

பிளாய் உங்களோடு பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டான். நீங்கள் நேரெதிரே நின்றால், அவன் தலையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, வரவேண்டிய படகு ஒன்று இன்னும் வரவில்லையே என்பவன் மாதிரி நின்று பதில் சொல்வான். முதலில் எங்களுக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இவ்வளவு மிதப்பா என்று ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

"உன் மூஞ்சியத்தான் பள்ளிக்கூடத்துலேர்ந்து பாத்துட்டு இருக்கேனே ரொசேர். புதுசா என்ன இருக்குது, பாக்கறதுக்கு?" என்றான்.

நான் மீன் விற்றுப் பிழைத்தவள். என் வாய்க்குப் பயந்து சந்தையில் தராசுகூட நேராக நிற்கும். அன்று நானே தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டேன்.

பிளாய் வாழ்நாளெல்லாம் ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வந்தவன். பனி கொட்டும் ஊர்களுக்கெல்லாம் எங்கள் வலென்சியா பழத்தைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து, மகளுக்குப் பிறந்தநாள் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொள்வான். தார் ரோட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்பான். வேலை முடிந்த மறுவாரமே ஒரு சைக்கிள் வாங்கினான். எங்கள் கூட்டத்தில் சேர்ந்தான்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு ஆண்கள், அவர்களை மேய்க்க நான் ஒருத்தி. ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய ரயில் நிலையத்தில் கூடி, கடலோரச் சரளைப் பாதையில் பக்கத்து ஊருக்குப் போவோம். முன்பு ரயில் போன வழி அது. ரயிலை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டுத் தண்டவாளத்தைப் பிடுங்கி, சரளை கொட்டி விட்டார்கள். கார் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது. ஒரு பக்கம் பாறையும் கள்ளியும், ஒரு பக்கம் கடல். நடுவில் ஒரு சுரங்கம். அதைத் தாண்டி, பாதையை ஒட்டி ஓர் அத்திமரம். அங்கே ஆண்கள் ஆறு பேரும் இறங்கி நிற்பார்கள். வயசான பிறகு சிறுநீர்ப்பைக்கு எவன் பேச்சும் காதில் விழாது. நான் மட்டும் நிற்காமல் போய், சுன்சீன் நடத்தும் கடையில் மேசையைப் பிடித்து வைப்பேன்.

சனிக்கிழமைக் காலைச் சாப்பாடுதான் எங்களுக்கு வாரத்தின் நடுத்தூண். மேசையில் வேர்க்கடலையும் ஆலிவும் முதலில் வரும். பிறகு முழங்கை நீள ரொட்டி, உள்ளே முட்டையும் தொத்திறைச்சியும் பூண்டுத்தாளும். கடைசியில் சுன்சீன் கண்ணாடிக் குவளையில் ரம்மைக் கொளுத்தி, அதன்மேல் காபியை ஊற்றித் தருவாள். இதைச் சாப்பிட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். பேச்சுதான் காரணம்.

ஒரு பிப்ரவரியில் சுரங்கத்தின் விளக்குகள் எரியவில்லை. உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, கும்மிருட்டு. எல்லோரும் சடக்கென்று கால் ஊன்றி நின்றோம். கேலோ, எங்கள் கூட்டத்தின் தடியன், என் பின்சக்கரத்தில் வந்து முட்டினான். பிளாய் மட்டும் நிற்கவில்லை. அவன் வண்டி சீராகப் போய்க்கொண்டே இருந்த சத்தம் கேட்டது. மறுமுனையிலிருந்து குரல் வந்தது.

"என்னாச்சு? ஏன் எல்லாரும் நின்னுட்டீங்க?"

சுரங்கத்தில் இருட்டு என்பதே அவனுக்குத் தெரியவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று சுன்சீன் கடையில் அவனாகவே சொன்னான். கண்ணின் நடுப்பகுதி போய்விட்டதாம். ஓரத்தில் மட்டும், அதுவும் நல்ல வெளிச்சத்தில், ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் தெரியுமாம். ஆளைப் பார்க்க வேண்டுமானால் முகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

"அப்ப எப்படிடா சைக்கிள் ஓட்டற?" என்று கேட்டான் கேலோ.

"காதுலதான். பாதைக்கு நடுவுல தரை கெட்டி, டயர் சர்ருனு போகும். ஓரம் போனா உதிரிச் சரளை. நீ கடலை மெல்ற மாதிரி சத்தம் வரும். உடனே உள்ள வந்துருவேன்."

"நான் சத்தம் வராமத்தான் மெல்லுவேன்."

"நீ மெல்றது பக்கத்து ஊருக்குக் கேக்குதுடா."

நாங்கள் சிரித்தோம். உதவி செய்யட்டுமா என்று எவராவது கேட்டால் அவன் மறுவாரம் வரமாட்டான் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி ரெமேய்க்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. கார் வராத இடம்தானே என்று விட்டிருந்தாள்.

அந்த அக்டோபரில் கீழைக்காற்று பிடித்து அடித்தது. கடல் ஏறி வந்து பாதையை நக்கிக்கொண்டு போனது. ஆட்கள் வந்து லாரி லாரியாகப் புதுச் சரளை கொட்டி, இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை அழகாகப் பரப்பிவிட்டார்கள். பார்க்க மெத்தை மாதிரி இருந்தது. பிளாய்க்கு அது வினையாக முடிந்தது. நடு எது, ஓரம் எது என்று சத்தத்தில் பேதமே இல்லை. அந்தச் சனிக்கிழமை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நேராகப் போய்க் கள்ளிப்புதரில் விழுந்தான்.

புருவம் பிடுங்கும் இடுக்கியை வைத்துக்கொண்டு ரெமேய் அவன் முதுகிலிருந்து முள் எடுத்தாள். எடுத்து முடித்ததும் சைக்கிளைக் கொட்டகையில் உயரமாக மாட்டிச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். பிளாய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, சாப்பிட்டுத் திரும்பும்போது அவன் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஒரு கோப்பைப் பாலும் ரெண்டு பிஸ்கட்டும். சனிக்கிழமை காலையில், எங்கள் ஊரில், ஓர் ஆண்பிள்ளைக்குப் பாலும் பிஸ்கட்டும். அவன் பிஸ்கட்டை நனைத்து நனைத்து, சாப்பிடாமல் பாலிலேயே கரையவிட்டுக்கொண்டிருந்தான். ரெமேயைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இப்படி உக்கார வச்சா இன்னும் ஒரு வருஷத்துல ஆளே இருக்கமாட்டான்டி."

"விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டா மட்டும் இருப்பாரா, அக்கா? முள்ளு எடுத்தது நீங்களா, நானா? இந்தக் கன்னத்துலகூட ஒண்ணு. ரெண்டு விரல் தள்ளியிருந்தா கண்ணு."

"அந்தக் கண்ணு இருந்தும்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு பேரம் பேசினோம், அது எனக்குக் கைவந்த கலை.

ரெமேய் கடைசியில் இறங்கி வந்தாள். ஒரே ஒரு வாய்ப்பு, அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. நிலையத்திலிருந்து சுன்சீன் கடைவரை அவன் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். யாரும் குரல் கொடுக்கக்கூடாது, மணி அடிக்கக்கூடாது. விழக்கூடாது, வழி தவறிக் கால் ஊன்றவும் கூடாது. ஊன்றினால் சைக்கிளை விற்றுவிடுவாள்.

நான் மறுநாளே கூட்டத்தைக் கூட்டினேன். நடுவில் கெட்டித் தரை இல்லாததுதானே குறை, நாமே அதைக் கெட்டியாக்குவோம் என்றேன்.

"எதை வச்சு?" என்றான் கேலோ.

"உன் தொப்பைய வச்சு."

அப்படித்தான் நடந்தது. தினமும் மழைத் தூறலிலேயே கிளம்பினோம். ஈரத்தில்தான் சரளை படியும். ஒருவர் பின் ஒருவராக, அடுத்தவன் டயர் போன கோட்டிலேயே டயர் வைத்து, நிலையத்திலிருந்து கடைவரை, கடையிலிருந்து நிலையம்வரை. கேலோ எப்போதும் கடைசி, அவன் போன பிறகு தரை பேச்சு மூச்சில்லாமல் படுத்துவிடும். ஜலதோஷம் பிடிக்காதவர் ஒருவர் பாக்கியில்லை. பிளாயிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. ரோலர் வந்து உருட்டிவிட்டுப் போனது, நடுப்பாதை பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லி வைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தது. ரெமேய் காரில் மலை ரோடு வழியாகப் போய், சுன்சீன் கடையில் காத்திருப்பதாக ஏற்பாடு. பிளாய் நல்ல சட்டை போட்டு, முகம் மழித்து வந்திருந்தான். கைப்பிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனோம்.

சர்ரென்று போனான். கோடு பிடித்ததுபோல் போனான். ஓரிடத்தில் கடலை மெல்லும் சத்தம் கேட்டது, உதிரிச் சரளை. உடனே உள்ளே வந்துவிட்டான். சுரங்கத்தில் எங்களைவிட வேகமாகப் போனான். வெளியே வந்ததும் மெல்லச் சீட்டியடிக்கவும் ஆரம்பித்தான். நான் மனசுக்குள் எல்லாப் புனிதர்களுக்கும் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அத்திமரம்.

இத்தனை நாளும் இந்தத் தடியன்கள் தடம் போட்டார்கள் அல்லவா, போகும்போதும் வரும்போதும் வழக்கம்போல அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். ஒருவர் டயர் போன கோட்டில் அடுத்தவர், கேலோ கடைசி. கல் மாதிரி இறுகிய தடம் பாதையை விட்டு வளைந்து, நேரே மரத்தடிக்குப் போய், சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. நிற்காமல் நேரே போனவள் நான் ஒருத்திதான். என் ஒற்றை வண்டி எதை இறுக்கும்?

கத்தக்கூடாது. கழுத்துத் துணியை வாயில் திணித்துக்கொண்டேன். பக்கத்தில் கேலோவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

பிளாய் சீட்டியடித்தபடியே வளைந்தான். பாதையை விட்டு இறங்கினான். அத்தியிலைகள் முகத்தில் உரசின. முன்சக்கரம் மரத்தில் மெதுவாக முட்டியது. கால் ஊன்றி நின்றான்.

மரத்துக்குப் பின்னாலிருந்து ரெமேய் வந்தாள். கடையில் உட்கார முடியாமல் அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறாள்.

பிளாய் மூக்கை உறிஞ்சி வாசம் பிடித்தான். "ரெமேய்? நீ கடையில இல்ல இருக்கணும்?"

"இருக்க முடியல."

"கால ஊனிட்டேன்."

"பாத்தேன்."

"சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. கெட்டியான தரை..." என்றவன் நிறுத்திவிட்டான். செருப்பு நுனியால் தடத்தைத் தட்டிப் பார்த்தான். இந்தப் பக்கம் தட்டினான், அந்தப் பக்கம் தட்டினான். பிறகு எங்கள் பக்கம் குரல் கொடுத்தான்.

"டேய் கேலோ. எந்த ஊர் ரோலர்டா மூத்திரம் போக மரத்தடிக்கு வரும்?"

கேலோ தன் ஷூவைப் பார்த்தான். பிளாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

"மழையில தினமும் எங்க போறாங்கன்னு உங்க பொண்டாட்டிங்க எல்லாம் என்கிட்டதான் கேட்டாங்க," என்றாள் ரெமேய். "எனக்கென்ன தெரியும்? இப்ப அரை மணி நேரமா இங்க நின்னு இந்தத் தடத்தத்தான் பாத்துட்டு இருக்கேன்."

அவள் வந்து சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தாள். போச்சு, தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். நான் வாயிலிருந்த துணியை எடுத்துக்கூட விட்டேன், சண்டைக்குத் தயாராக. அவள் வண்டியைத் திருப்பி, முன்சக்கரத்தைக் கடைக்குப் போகும் கெட்டித் தடத்தின்மேல் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வழி தவறிக் கால ஊனக்கூடாதுன்னுதான் சொன்னேன். இங்க எல்லாரும்தான் ஊனறீங்க. நீ வழி தவறலய்யா. போ, வந்த வேலைய முடிச்சிட்டு வா. வண்டிய நான் பிடிச்சுக்கறேன். மிச்சத் தூரமும் ஓட்டிக் காட்டணும்."

பிளாய் உடனே போகவில்லை. அவளுக்கு நேரெதிரே நின்றபடி, முகத்தை மட்டும் மெல்லக் கடல் பக்கம் திருப்பினான். அப்படியே வெகுநேரம் நின்றான். தெரியாதவர்கள் யாராவது அந்த வழியாகப் போயிருந்தால், மனைவி இவ்வளவு சொல்கிறாள், இந்த ஆள் கடலை வேடிக்கை பார்க்கிறானே என்று நினைத்திருப்பார்கள்.