பூட்டு விழுந்த பொதுப் புத்தகம்

ஜன்னதுல் பிர்தௌஸ் கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் நிற்கும் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர் கணவர் சுல்தான், வீட்டில்கூட மனைவியின் குரல் உயர்ந்து கேட்டதில்லை என்பார். அந்த மனுஷியைத்தான் இன்று கல்லூரியில் சண்டைக்காரி என்கிறார்கள்.

எல்லாம் ஒரு புள்ளியியல் புத்தகத்தால் வந்தது. பாடப்புத்தகம் வாங்க முடியாத பிள்ளைகளுக்காகத் தேடியபோது, பொது உரிமத்தில் வெளியான ஓர் ஆங்கில நூல் பிர்தௌஸுக்கு இணையத்தில் கிடைத்தது. யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றவும் செய்யலாம். உழைத்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும்; மாற்றியதையும் அதேபோல எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். துறை துறையாகப் போய் இதை விளக்கினார். ஓசியில் வருவதில் என்ன தரம் இருக்கும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். உட்கார்ந்து புரட்டிப் பார்த்தது ஒருவர் மட்டுமே. அவர் புள்ளியியல் துறையின் கௌரவ விரிவுரையாளர் வனிதா.

"பாடம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா எடுத்ததுக்கெல்லாம் பேஸ்பால், பனிப்பொழிவுன்னு கணக்குப் போட்டிருக்கான். நம்ம பிள்ளைக பனி கொட்டுறத எங்க பாத்துச்சு?"

"அப்ப மாத்திருவோம். மாத்துறதுக்குத்தான அனுமதி குடுத்திருக்காவ."

மாற்றினார்கள். வனிதாவின் ஊர் புதூர்ப் பக்கம். அப்பா மாயகிருஷ்ணன் ஆடு மேய்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளும் அப்பாவும் வெள்ளாட்டுக் குட்டிகளைச் சாக்கில் போட்டுத் தராசில் தொங்கவிட்டு எடை எடுத்தார்கள். சராசரி பற்றிய பாடம் முழுக்க அந்தக் குட்டிகளால் நிறைந்தது. கடம்பூர் போளிக் கடை ஒன்றின் தினசரி விற்பனை வேறொரு பாடத்துக்கு வந்தது. மானாவாரி மழைக் கணக்கு இன்னொன்றுக்கு. எந்தப் பத்தி யாருடையது, எங்கே என்ன மாற்றப்பட்டது என்பதைக் குறித்துவைக்கும் முறையை பிர்தௌஸ் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். புத்தகம் பிள்ளைகளின் போனுக்குப் போன பிறகு, வாயே திறக்காத கடைசி பெஞ்சு சந்தேகம் கேட்க ஆரம்பித்தது.

மறு வருடம் கல்லூரி திறந்தபோது புள்ளியியல் துறைத்தலைவர் கார்த்திகேசன் ஒரு புத்தகம் வெளியிட்டார். பளபளப்பான அட்டை, பின்பக்கம் அவர் படம். உள்ளே அதே வெள்ளாட்டுக் குட்டிகள், அதே போளிக்கடை. ஆங்கில நூலை எழுதியவர்களின் பெயரும் இல்லை, வனிதாவின் பெயரும் இல்லை. முதல் பக்கத்தில், இந்நூலின் எந்தப் பகுதியையும் அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இதை வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இன்டர்னல் மார்க்கில் தெரியும் என்று வகுப்பில் வாய்வார்த்தையாகச் சொல்லியும் விட்டார்.

அந்த எச்சரிக்கையை பிர்தௌஸ் இரண்டு தடவை படித்தார். புத்தகத்தோடு நேராக முதல்வர் அறைக்குப் போனார். முதல்வர் கார்த்திகேசனையும் வரச்சொன்னார். வந்தவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"பொதுச்சொத்துன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? பொதுக்கெணத்துல நான் ஒரு கொடம் எடுத்தா யாருக்கு என்ன நட்டம்?"

"எடுங்க சார், யாரு வேண்டாம்னா? கெணத்தையே மூடிப் பூட்டுப் போட்டுட்டு, வெட்டுனவன் பேரையும் அழிச்சிருக்கீங்க. அதத்தான் கேக்குதேன்."

முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, கல்லூரி மானம் சம்பந்தப்பட்ட விஷயம், பெரிதாக்க வேண்டாம் என்றார். அந்த வார்த்தை பிர்தௌஸுக்குத் திருட்டைவிட அசிங்கமாகப் பட்டது.

வெளியே வந்து வனிதாவைப் பிடித்தார். உன் உழைப்பு, உன் அப்பாவின் ஆடுகள், நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று வராந்தாவிலேயே பொரிந்து தள்ளினார். வனிதா தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு மெல்லச் சொன்னார்:

"உங்களுக்கு நிரந்தர வேலைக்கா. கோவப்பட வசதி இருக்கு. எனக்கு வருசா வருசம் ஒப்பந்தத்துல அந்தாளு கையெழுத்துப் போடணும்."

அதைக் கேட்டும் பிர்தௌஸின் கோபம் குறையவில்லை. உழைத்த பெண்ணைத் தன் பெயரைச் சொல்லவே பயப்பட வைத்திருக்கிறார்களே என்று அது இன்னும் முறுக்கேறியது.

மாற்றி எழுதிய புத்தகத்தின் மூலக்கோப்பு பிர்தௌஸிடம் இருந்தது. அதை யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுத்தளத்தில் ஏற்ற முடிவு செய்தார். வனிதாவின் பெயரைப் போட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. போடாவிட்டால் கார்த்திகேசன் செய்ததையே தானும் செய்ததாகும். வனிதாவிடமே கேட்டார். இரண்டு நாள் வனிதா நூலகப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் நூலகத்துக்கு வந்த வனிதா மேசை முன்னால் நின்றுகொண்டே சொன்னார்:

"போடுங்கக்கா. எடை எடுத்தது எங்கப்பான்னும் போடுங்க."

புத்தகம் எல்லார் பெயரோடும் ஏறியது. பிர்தௌஸ் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய், அச்சுப் புத்தகத்தை வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, அதன் மூலநூல் இலவசமாகவே இருக்கிறது, மார்க்கில் கைவைத்தால் என்னிடம் வாருங்கள் என்று கார்த்திகேசன் முன்னாலேயே சொன்னார். யாரும் கைதட்டவில்லை. ஆனால் யாரும் வாங்கவும் இல்லை. அச்சிட்ட கட்டுகள் துறை அறையில் அப்படியே கிடந்தன.

கார்த்திகேசன் மீது ஒரு விசாரணையும் வரவில்லை. ஏப்ரலில் வனிதாவின் ஒப்பந்தம் மட்டும் நீட்டிக்கப்படவில்லை. காரணம் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டப்பிடாரம் பக்கம் வேறொரு கல்லூரியில் வேலை கிடைக்க அவருக்கு ஐந்து மாதம் ஆனது. அங்கே அதே புத்தகத்தை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார். அங்குள்ள பிள்ளைகள் ஒரு பாடம் சேர்த்திருக்கிறார்கள் என்று போனில் சொன்னபோது பிர்தௌஸ் சந்தோஷப்பட்டார். போனை வைத்ததும் மறுபடி கோபம் வந்தது. அந்தப் பாடம் இந்தக் கல்லூரியில் அல்லவா எழுதப்பட்டிருக்க வேண்டும்.

போன மாதம் விலங்கியல் ஆசிரியர் செல்வகணேஷ் வந்து, தங்கள் பாடத்துக்கும் அப்படி ஒரு நூல் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்ற பிர்தௌஸ், தேடுவதற்கு முன் அவரை உட்காரவைத்து உரிமத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சொன்ன விதத்தில் செல்வகணேஷின் முகம் சுருங்கிப்போனது.

"என்னயச் சந்தேகப்படுதீங்களா மேடம்?"

"எல்லாரையுந்தான்" என்று சொல்லிவிட்டு, பிர்தௌஸ் கணினியைத் தன் பக்கம் திருப்பித் தேட ஆரம்பித்தார்.