எதிரி நகரும் நேரத்தில் கைகள்

அந்தக் கையடக்க விளையாட்டுக் கருவியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். மகளுக்குக் கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை வந்த நாட்களில் எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

"சொறிய விடாதேங்கோ. முகத்திலை பள்ளம் விழுந்தால் மாறாது" என்று நெல்லியடியில் டொக்டர் சொல்லிவிட்டார். உடம்பெங்கும் கொப்புளம். ஆனால் இடது புருவத்துக்கு மேலே பயறளவில் பெருத்திருந்த ஒன்றையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகம் விசாரித்த எல்லோரும் "பொம்பிளைப் பிள்ளை, முகம் கவனம்" என்றார்கள். எரிச்சலாக இருந்தது. நான் கவனித்ததும் முகத்தைத்தான் என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

நகத்தை வெட்டச் சொன்னார் டொக்டர். அம்மாள் வந்து நிற்கிற வீட்டில் நகம் வெட்டக்கூடாது என்றார் மச்சாள். அவர் என் கணவரின் அக்கா. பக்கத்து வளவில் இருக்கிறார். வாசலில் வேப்பிலை செருகியதும், தாளிக்க வேண்டாம் என்றதும் அவர்தான். நான் விஞ்ஞானம் படித்தவள். இது கிருமியால் வருவது என்று தெரியும். ஆனாலும் ஏதாவது ஆகிவிட்டால்? நகத்தை வெட்டவில்லை, அரத்தால் தேய்த்தேன். தேய்ப்பதும் வெட்டுவதில் சேருமா என்று பின்னேரம் வரை யோசித்தேன். கணவருக்கு இந்த அம்மை வருத்தம் முன்பு வந்ததில்லை என்பதால் வவுனியாவில் வேலையிடத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தோம். பக்கத்தில் கேட்க ஆளில்லை.

கருவி லண்டனிலிருந்து மகளின் சித்தப்பா கொண்டுவந்தது. அதில் இருந்தது ஒரு போர்க் கதை. கட்டம் கட்டமாகப் பிரித்த நிலத்தில் எங்கள் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்தி முடித்தால், பிறகு எதிரி தன் ஆட்களை நகர்த்துவான். அவசரமே இல்லை. சோறு வடித்துவிட்டு வரும்வரை வாள் வீரன் அசையாமல் காத்து நிற்பான். அடித்தால் படுமா, நூற்றுக்கு எத்தனை வீதம் படும் என்று முன்கூட்டியே காட்டும். வாழ்க்கையில் எதுவும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை. எழுத்துத்தான் கடுகு போல, அதுவும் ஆங்கிலம். நான் வாசித்துச் சொல்ல மகள் பொத்தானை அழுத்துவாள். அதில் செத்தவர் கதையின் கடைசிவரை திரும்பி வரமாட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படியொரு விதியா என்று உறுத்தியது. உறுத்திக்கொண்டே விளையாட விட்டேன்.

பெரிய குறை முதல் நாளே தெரிந்தது. எதிரியின் முறையில் எங்களுக்கு வேலை இல்லை. அவன் ஆட்கள் காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வரும்வரை கைகள் சும்மா.

"அம்மா, கடிக்குது."

"சொறியாதை. இப்ப ஆற்றை முறை?"

"அவங்கடை முறை. அவங்கள் சரியான ஆறுதல் அம்மா, மெல்ல மெல்லத்தான் வாறாங்கள்."

எதிரி நகரும்போதெல்லாம் வேப்பிலைக் கொத்தால் அவள் முதுகை நான் தடவினேன். கைகளைக் கருவியிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

இளநீரோடு வந்த மச்சாள் இதைப் பார்த்துவிட்டார்.

"உது என்ன சத்தம்? வாள்வெட்டே?"

"விளையாட்டு மச்சாள்."

"அம்மாள் நிக்கிற வீட்டிலை கோழி கூட உரிக்கிறேல்லை. நீர் என்னெண்டா ஆக்களை வரிசையிலை விட்டு வெட்டுறீர்."

"அவங்கள் சாகேல்லை மாமி" என்றாள் மகள். "காயப்பட்டு வீட்டை போறாங்கள்."

"வீட்டை போறவன் ஏன் நிலத்திலை கிடக்கிறான்?"

"களைச்சுப் போனான்."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னிடம் திரும்பியபோது சிரிப்பில்லை. "நீர் படிச்சனீர். பிள்ளையின்ரை முகத்திலை வடு விழுந்தா பிறகு என்னட்டை வராதையும்."

முகம் என்றதும் நான் விழுந்துவிட்டேன். அன்றிலிருந்து யாரையும் வெட்டுவதில்லை என்று முடிவாயிற்று. அப்போது ஆடிய களத்தில் பாலத்தைக் கடந்து கோட்டை வாசலைத் தொட்டாலே வெற்றி. அதனால் ஒதுங்கி ஒதுங்கிப் போனோம். சண்டை பிடிக்காத வீரனுக்கு அந்த விளையாட்டில் பலம் ஏறாது. பொறுமைக்கு அங்கே மதிப்பெண் இல்லை. காயம் ஆற்றுகிற பெண்ணுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் பலம் கூடியது. மகள் அவளுக்கு 'நேர்ஸ் அக்கா' என்று பட்டம் வைத்தாள்.

பாலத்தடியில் சிக்கினோம். நேர்ஸ் அக்காவை முன்னே விட்டால் எதிரி வில்லாளியின் எல்லைக்குள் போவாள். பின்னே விட்டால் எங்கள் குதிரைக்காரன் காயத்தோடு நிற்பான். "பொறு, அம்மா பாக்கிறன்" என்று கருவியை வாங்கினேன். ஒரு கட்டம் நகர்த்தினேன், மீட்டேன். வீதத்தைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். எவ்வளவு நேரமும் யோசிக்கலாம் என்பதே அந்த விளையாட்டின் ஆகக் கெட்ட குணம், என்னைப் போன்றவர்களுக்கு. திரை தானாக அணைந்து கறுத்தது. அதில் மகளின் முகம் தெரிந்தது. அவள் விரல் புருவத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இந்தா! நீயே செய்!"

திடுக்கிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். யோசிக்கவே இல்லை. நேர்ஸ் அக்காவை நேரே வில்லாளிக்கு முன்னால் கொண்டுபோய் விட்டாள். ஒரே அம்பு.

நேர்ஸ் அக்கா விழுந்தாள். மகள் திரையையே பார்த்தாள். அழப்போகிறாள், கண்ணைக் கசக்கப்போகிறாள், கை புருவத்தில் படப்போகிறது என்று நான் வேப்பிலையோடு எழுந்துவிட்டேன்.

"முதல்லையிருந்து விளையாடுவம்" என்றாள். "கனக்க நேரம் விளையாடலாம்."

அம்மாள் இறங்கித் தண்ணீர் வார்த்த அன்று மச்சாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீரை அவள் தலையில் ஊற்றினார். புருவத்துப் பொருக்கு ஈரத்தில் தானாக விழுந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு. தோலோடு மட்டமாகத்தான் இருந்தது. சரித்துப் பார்த்தால் பள்ளம் போலவும் இருந்தது.

"ஒண்டும் இல்லை, விடும்" என்றார் மச்சாள்.

விடவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகும் தலை வாரி இழுத்துவிடும்போதெல்லாம் என் விரல் அந்தப் பொட்டைத் தடவிப் பார்க்கும். ஒரு நாள் மகள் என் கையைப் பிடித்து விலக்கினாள்.

"தொடாதேங்கோ அம்மா. கை சும்மா இருந்தா இதைப் பிடியுங்கோ."

கருவியை என் இரண்டு கையிலும் வைத்துவிட்டு, பின்னலைத் தானே முடிந்துகொண்டு புத்தகப் பையை எடுக்கப் போனாள்.