டைகருக்குப் பத்தியம்

நேற்று என் மகன் தட்டிலிருந்த திராட்சையை எங்கள் நாய் தின்றுவிட்டது. நாய்க்குத் திராட்சை ஆகாதாம். கால்நடை மருத்துவருக்கு நான்கு தடவை போன் செய்தேன். நாய் நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் ஐந்தாவது தடவைக்குப் போனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூரில் என் ஏழு வயதில் எங்களோடு இருந்த டைகர் எதையும் தின்னும். பக்கத்து பாய் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை வரும் பிரியாணியிலும் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயிலும் அதற்கும் ஒரு பங்கு உண்டு. திடீரென்று அதன் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உப்பும் மசாலாவும்தான் காரணம், இனி மனிதர் சாப்பாடே கூடாது என்று மாட்டாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உப்பில்லாத சோற்றை வைத்தால் டைகர் தட்டை மூக்கால் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் பட்டினி. செத்துவிடும் என்று நான் வகுப்பில்கூட அழுதேன்.

மூன்றாம் நாள் அப்பா தான் வேலை செய்த தோல் தொழிற்சாலையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். தோலை முறுக்கி, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு, எலும்பு மாதிரி செய்தது. வெளிநாட்டு நாய்களுக்காகக் கப்பலில் போவது. கோணலாக இருந்ததால் கழித்துவிட்டார்களாம்.

“சீமை நாயெல்லாம் இதுக்கு அட்ச்சிக்கும்,” என்றார்.

டைகர் அதை முகர்ந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது.

“தொட்டுக்கக் கத்திரிக்கா வெச்சிருந்தா துன்னிருக்கும்,” என்றாள் அம்மா.

தம்பி சாப்பிட மறுத்தால் அம்மா முதல் வாயைத் தானே போட்டுக்கொண்டு “ஆகா” என்பாள். நானும் டைகர் எதிரே உட்கார்ந்து முடிச்சை மென்றேன். ஊறி இளகியதும் பிய்த்து விழுங்கினேன். ருசியே இல்லை, ஆனாலும் “ஆகா” என்றேன். டைகர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா வந்தாள்.

அப்பா சட்டைகூட மாட்டாமல் என்னைச் சைக்கிளில் தூக்கி வைத்தார். நாங்கள் போன களேபரத்தில் டைகர் அடுப்படிக்குள் புகுந்து எங்கள் எல்லோருடைய குழம்புச் சோற்றையும் முடித்தது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஒண்ணும் ஆவாது. நாய்க்கு இன்னா குடுக்கறீங்க?”

“அது பத்தியம், சார்,” என்றார் அப்பா.

திரும்பும் வழியெல்லாம் அப்பா ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார். “நெசமா சொல்லும்மா, எவ்ளோ முழுங்கின?”

அந்தத் தோல் எந்தெந்த ரசாயனத் தொட்டிகளில் ஊறி வந்தது என்று தினமும் அவற்றின் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. டைகருக்கு மிச்சம் இல்லையோ என்றுதான் கவலைப்படுகிறார் என நினைத்தேன்.

“பாதிக்கு மேல அதுக்குதாம்பா வெச்சிருக்கேன்,” என்று தைரியம் சொன்னேன்.

பாலாற்றுப் பாலத்தின் மேல் அப்பா சைக்கிளை நிறுத்தினார். என் தலையில் கை வைத்தபடி வெகுநேரம் அப்படியே நின்றார். லாரிகள் போகட்டும் என்று நிற்கிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.