வரைபடத்தில் தேயிலையாகிவிட்ட லயம்

இந்த வருடம், 2006 செப்டம்பரில் நான் பதுளைக்குப் போனது துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்க அல்ல. செயற்கைக்கோள் படங்களைக் கணித முறையில் அலசி மண்சரிவு வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. ஆபத்தான சரிவில் வீடு இருப்பதாக வரைபடம் காட்டினால்தான் அங்குள்ளவர்களுக்கு மாற்றுக் காணி. அதை நேரில் சரிபார்க்க அனுப்பினார்கள்.

பதுளையில் காலை ஏழரைக்கு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். இறங்கிய பின் இரண்டு கிலோமீற்றர் ஏற்றம். அட்டை கடிக்கும், போகிறவர்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. கொழுந்து பறிக்கும் பாக்கியம் என்ற பெண் கூட்டிப்போய்க் காட்டினார். அதற்கு நேர் கீழேதான் அவருடைய ஒற்றை அறை, மகளுக்கு நிறைமாதம். வரைபடத்திலோ அந்த இடம் முழுக்கத் தேயிலைப் பச்சை.

காரணம் எனக்குத் தெரியும். படத்தின் ஒரு கட்டம் தரையில் முப்பது மீற்றர். ஒடுங்கிய லயம் அதில் கால்வாசியைக்கூட நிரப்பாது. தப்பித் தவறி ஒரு கட்டம் வீடு என்று விழுந்தாலும், படத்தைச் சுத்தப்படுத்தும் கணக்கு சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பார்க்கும். அவை தேயிலை என்றால் நடுவில் இருப்பதும் தேயிலையாகிவிடும். படம் துப்புரவாக வரும், நாங்களும் மெச்சிக்கொள்வோம்.

இதையெல்லாம் பாக்கியத்துக்கு விளக்கினேன்.

“கூரத் தகரத்துல சுண்ணாம்பு அடிச்சா மேலேருந்து தெரியுங்களா ஐயா?”

படம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, பயனில்லை என்றேன்.

“எதுக்கும் அடிச்சு வைக்கிறோங்க.”

கொழும்பு திரும்பி, வெடிப்பின் புகைப்படங்களோடு அறிக்கை கொடுத்தேன். ஒரு லயத்துக்காகக் கணக்கை மாற்ற முடியாது, அடுத்த வருடப் படத்தில் பார்க்கலாம் என்றார் மேலதிகாரி. கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை.

கடந்த சனிக்கிழமை, முடிவைச் சொல்ல என் சொந்தச் செலவில் மறுபடி போனேன். பஸ் வளைவிலிருந்தே கூரைகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. காணி இல்லை என்று சொன்னதும், தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் பாக்கியம் கேட்டார்:

“அடுத்த படம் எப்பங்க புடிப்பாங்க?”

அடுத்த வருடம் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: தங்குவதற்குப் பதுளை வசதி, திரும்பும் கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டுவையுங்கள். வழக்கமாக மழை ஓய்ந்த மார்ச் மாதத்தில் போகச் சொல்வேன். அதுவரை இந்த லயம் இருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நான் இறங்கி வரும்போதே மழை பிடித்து, கூரைச் சுண்ணாம்பு கரைந்து வடிகானில் ஓடிக்கொண்டிருந்தது. போவதானால் இந்த வாரமே போங்கள்.